பள்ளி பேண்டு குழுவை டெல்லிப் போட்டிக்கு அழைத்துப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாநிலத்தில் ஜெயித்து, தென்மண்டலத்திலும் முதலிடம் வாங்கிய பேண்டு, டெல்லியில் போய் நின்றதும் வேறு பேண்டு மாதிரி ஒலிப்பதுண்டு. பிள்ளைகள் அதே பிள்ளைகள், பாட்டும் அதே பாட்டுதான். ஆனால் இரண்டு ராத்திரி ரயிலில் வாத்தியத்தைத் தொடாததில் ஊதிப் பழகிய உதட்டின் பிடி விட்டுப்போயிருக்கும். குளிரில் சுருதி இறங்கியிருக்கும். யூனிஃபார்முக்குள் ஸ்வெட்டரைத் திணித்ததில் மூச்சை இழுத்துப் பிடிக்க இடமிருக்காது. மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கும் பள்ளிகள், பயணத்தை மட்டும் ஒரு ஸ்டாஃப் மீட்டிங்கில் பேசி முடித்துவிடுகின்றன. டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம் மூன்றும் சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். அவை மூன்றும் பிள்ளைகளுக்கானவை. வாத்தியத்துக்கும் உதட்டுக்கும் தனியாகத் திட்டம் வேண்டும்.

கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து குடியரசு தினத்தை ஒட்டி நடத்தும் தேசிய பள்ளி பேண்டு போட்டியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிராஸ் பேண்டு (ட்ரம்பெட் மாதிரி பித்தளை ஊதுவாத்தியங்கள்), பைப் பேண்டு (பேக்பைப்). இரண்டிலும் மாணவர், மாணவியர் தனித்தனி. ஆக நான்கு பிரிவு. நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் மண்டலத்துக்கு ஒரு அணி என்று 16 அணிகள் இறுதிக்கு வரும். 2024, 2025 இரண்டு ஆண்டும் இறுதிச் சுற்று புதுடெல்லி மேஜர் தியான் சந்த் தேசிய விளையாட்டரங்கில், ஜனவரி கடைசிப் பகுதியில் நடந்தது. முப்படைகளிலிருந்தும் நடுவர்கள் வருவார்கள். 2025-ல் முதல் பரிசு 21,000 ரூபாய், இரண்டாவது 16,000, மூன்றாவது 11,000. நான்காவது அணிக்கு ஆறுதல் பரிசாக 3,000. பேண்டு பிள்ளைகளின் ஸ்வெட்டர் செலவுக்கே காணாது. பணத்துக்காக யாரும் போவதில்லை என்பதால் அதை விட்டுவிடுவோம்.

மண்டலப் போட்டிக்கு ஹைதராபாத்தோ பெங்களூரோ போகிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். குளிர் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிவிடலாம்.

படி 1: சுற்றறிக்கையைப் பேண்டு மாஸ்டரும் படிக்க வேண்டும்

சுற்றறிக்கை தலைமையாசிரியர் மேஜைக்கு வரும், அங்கிருந்து பி.டி. சாருக்குப் போகும், பேண்டு மாஸ்டருக்கு வாய்மொழியாக வந்து சேரும். இப்படி வந்தால் நிச்சயம் ஏதாவது ஒன்று வழியில் தொலையும். பிரதி ஒன்று எடுத்து மாஸ்டர் கையில் கொடுங்கள். குழுவில் எத்தனை பேர், எந்தெந்த வாத்தியத்துக்கு அனுமதி, எத்தனை நிமிடம், என்ன வகைப் பாட்டு, பயணச் செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்ற ஐந்தையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். போன வருடத்து விதியை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வருடம் கிளம்பாதீர்கள்.

படி 2: பெயர்ப் பட்டியலும் பெற்றோரும்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கு இந்தப் போட்டி வரும் நேரம் படுமோசம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை, அது முடிந்ததும் பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு ரிவிஷன், பிராக்டிகல். "பத்தாவது படிக்கிற பிள்ளை டீச்சர், ஒரு வாரம் போயிட்டா என்ன ஆகும்?" என்று ஒரு அம்மா கேட்டால் அவர் கேட்பதில் தப்பே இல்லை. முதன்மையான பார்ட்டுகளை (பாட்டில் ஒவ்வொரு வாத்தியமும் வாசிக்கும் பகுதி) ஒன்பதாவது, பதினொன்றாவது பிள்ளைகளிடம் கொடுத்துத் தயார்செய்வது நல்லது. முடியாவிட்டால், விட்டுப்போகும் பாடத்தை எந்த ஆசிரியர் எப்போது எடுத்துக்கொடுப்பார் என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்தைக் கூட்டுங்கள்.

ஒப்புதல் கடிதத்தில் ஆஸ்துமா, வீசிங், அலர்ஜி, வலிப்பு, தினசரி மாத்திரை இவற்றைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். ஜனவரி டெல்லியில் குளிரோடு காற்று மாசும் சேர்ந்துகொள்ளும். ஊரில் வருடத்துக்கு ஒரு தடவை வீசிங் வரும் பையனுக்கு அங்கே முதல் நாளே வரலாம், அவன் யூபோனியம் என்ற பெரிய ஊதுவாத்தியம் வாசிப்பவனாக வேறு இருப்பான். இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை இரண்டு இன்ஹேலர் எடுத்துவரட்டும். ஒன்று அவர்களிடம், ஒன்று ஆசிரியரிடம்.

மாணவியர் அணி என்றால் ஆசிரியைகள் கட்டாயம். ஒருவர் போதாது. ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியாமல் ஒரு டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனால், மற்றவர்களோடு இன்னொருவர் இருக்க வேண்டும்.

படி 3: டிக்கெட்

ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் இருப்பவர்கள் இன்னும் உண்டு. மண்டலச் சுற்றின் முடிவு தாமதமாக வந்தால் அந்த 60 நாளும் உங்கள் கையில் இருக்காது. ஒரு படிவத்தில் ஆறு பேருக்குத்தான் டிக்கெட் என்பதால், பள்ளிக் கடிதத்தோடு ரயில்வே வணிகப் பிரிவில் குழு முன்பதிவுக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மாணவர் சலுகைக் கட்டணம் இந்தப் பயணத்துக்குக் கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். அது கவுன்டரில்தான் கிடைக்கும், ஆன்லைனில் கிடைக்காது.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளியின் தலைவர், ரயில் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பு எழுதிக்கொடுத்தால், ஒரு மாணவன் பெயரிலுள்ள டிக்கெட்டை அதே பள்ளியின் இன்னொரு மாணவனுக்கு மாற்றலாம். குழுவில் பத்து சதவீதம் பேருக்கு மேல் இப்படி மாற்ற முடியாது. கடைசி நேரத்தில் ட்ரோம்போன் பையனுக்கு அம்மை போட்டால் இந்த விதிதான் கைகொடுக்கும். இதற்காகவாவது முக்கிய பார்ட்டுக்கு மாற்று ஆள் ஒருவரைத் தயாராக வைத்திருங்கள்.

எந்த ரயில்? சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி மூன்றாம் நாள் காலை புதுடெல்லி போகும். தென் மாவட்டத்துக்காரர்களுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரை சம்பர்க் கிராந்தி இரண்டும் டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷன் வரை உண்டு. ஆனால் அவை தினமும் ஓடுவதில்லை. ஜனவரியில் வடக்கே மூடுபனி. அட்டவணையில் காலை என்று போட்டிருக்கும் ரயில் சாயங்காலம் வந்து சேர்வது அங்கே சாதாரணம். போட்டிக்கு முந்தின நாள் போய் இறங்கும் ரயிலை எடுக்கவே கூடாது. நடுவில் இரண்டு முழு நாள் இருக்கும்படி எடுங்கள். ஒரு நாள் பனிக்கு, ஒரு நாள் உதட்டுக்கு.

ஸ்லீப்பரா, மூன்றாம் ஏசியா? பணம் இருந்தால் ஏசி. நாக்பூர் தாண்டிய பிறகு வரும் ராத்திரியில் ஸ்லீப்பர் ஜன்னல் இடுக்கு வழியாக வரும் காற்று, கம்பளி இல்லாத பிள்ளையைப் படுக்க வைத்துவிடும். பணம் இல்லையென்றால் ஸ்லீப்பரே போதும், ஆனால் ஆளுக்கு ஒரு கம்பளி கட்டாயம்.

படி 4: வாத்தியத்தைக் கட்டுவது

ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். எடை பிரச்சினையே இல்லை, உருவம்தான் பிரச்சினை. ட்ரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் சீட்டுக்கு அடியில் போய்விடும். யூபோனியம் கஷ்டப்பட்டுப் போகும். பேஸ் ட்ரம்மும், உடம்பைச் சுற்றி மாட்டி ஊதும் சூசபோனும் எங்கேயும் போகாது. லக்கேஜ் ஆபீசில் பதிவுசெய்து பிரேக் வேனில் (ரயிலின் சரக்குப் பெட்டி)தான் ஏற்ற வேண்டும். ரயில் கிளம்பும் நேரத்துக்கு ஓடிப்போய் இதைச் செய்ய முடியாது. குழு ஸ்டேஷனுக்கு வரும் முன்பே இரண்டு பெரியவர்கள் பெரிய வாத்தியங்களோடு போய்விட வேண்டும்.

சூசபோனின் மணிவாய் திருகினால் கழன்று வரும். அதைத் தனியாகப் பழைய போர்வையில் சுற்றி, உள்பக்கமும் துணி அடைத்துக் கட்டுங்கள். திருகாணிகளைத் தனி டப்பாவில் போட்டு ஒரு பெரியவரின் கைப்பையில் வையுங்கள். போர்வைக்குள் போட்டால் டெல்லி பிளாட்பாரத்தில் தேட வேண்டியிருக்கும். பேஸ் ட்ரம்மின் தோலை அரைச் சுற்று தளர்த்தி, இரண்டு பக்கமும் பிளைவுட் வட்டம் வைத்துக் கட்டினால் மேலே எது விழுந்தாலும் கிழியாது. ட்ரம்பெட்டை மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் முனை) மாட்டியபடி பெட்டியில் போடவே கூடாது. ஒரு தட்டு தட்டினால் போதும், இறுகிக்கொண்டு வரவே வராது. அப்படி மாட்டியதை இடுக்கி வைத்துத் திருகி, மவுத்பீஸ் செருகும் குழாயான லீட்பைப்பையே முறுக்கிவிட்ட மாஸ்டர்கள் உண்டு. மவுத்பீஸ் புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது, பேண்டுக்கு ஒன்று வாங்கி வைப்பதில் நஷ்டமில்லை.

உபரிப் பை தனியாக ஒன்று: கிளாரினெட், சாக்ஸபோன் ரீடுகள், வால்வு ஸ்பிரிங், வால்வு எண்ணெய், ஸ்லைடு கிரீஸ், ட்ரம் சாவி, உபரித் தோல், ட்ரம் குச்சி, கார்க், ரப்பர் பேண்டு, நூல், சின்ன ஸ்க்ரூடிரைவர், பிராசோ. இந்தப் பை பிரேக் வேனுக்குப் போகக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வால்வு எண்ணெய் தீர்ந்தால் கைக்குக் கிடைத்த எண்ணெயை விடும் பழக்கம் சில பேண்டுகளில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் தலைக்குக் கொண்டுவரும் பாட்டில் டெல்லியில் வெள்ளைக் கட்டியாக நிற்கும்போது பார்த்துச் சிரிக்கலாம். அதே எண்ணெய் வால்வுக்குள் இருந்தால் அழுத்திய விரலோடு வால்வும் கீழேயே நின்றுவிடும். கிளம்பும் முன்பு எல்லா வால்வையும் கழற்றித் துடைத்து, சரியான வால்வு எண்ணெய் மட்டும் விடுங்கள்.

படி 5: குளிரும் சுருதியும்

முழு வழிகாட்டியையும் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள்.

ஜனவரி டெல்லியில் பகலில் 20 டிகிரி இருந்தால் நல்ல நாள். அதிகாலையில் ஏழு, எட்டு. காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், குழாய்க்குள் உள்ள காற்றின் சுருதியும் கூடவே இறங்கும். உலோகம் சுருங்குவதால் சுருதி ஏறும் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சுருக்கம் காதுக்கே தெரியாத அளவு. கணக்குப் போட்டால் ஒரு டிகிரிக்குச் சுமார் மூன்று சென்ட் இறக்கம் வரும். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். 30 டிகிரியில் சுருதி சேர்த்த வாத்தியம் 10 டிகிரியில் ஏறக்குறைய 60 சென்ட் இறங்கும், அதாவது அரை ஸ்வரத்தில் பாதிக்கும் மேலே. வாசிக்க வாசிக்க மூச்சின் சூடு உள்ளே ஏறுவதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது. ஆனால் சின்ன ட்ரம்பெட் சீக்கிரம் சூடாகும், சூசபோன் சூடாக வெகுநேரம் பிடிக்கும். மொத்தப் பேண்டும் ஒரே அளவில் இறங்கினால் பரவாயில்லை. மேலே ட்ரம்பெட் ஒரு சுருதி, கீழே பேஸ் ஒரு சுருதி என்று பிரிந்து நிற்கும்போதுதான் நடுவர் பேனாவை எடுப்பார். உலோகத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் பெல் லைரா வைத்திருந்தால் இன்னும் மோசம். அதன் தகடுகள் ஊரில் பேசிய சுருதியிலேயே டெல்லியிலும் பேசும்.

செய்ய வேண்டியது இது. ஊரில் வெயிலில் 440 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்கும்போது, ட்ரம்பெட்டின் ட்யூனிங் ஸ்லைடு (சுருதிக்காக நகர்த்தும் குழாய்) குறைந்தது அரை அங்குலமாவது வெளியே இருக்க வேண்டும். டெல்லியில் அதை உள்ளே தள்ளித்தான் சுருதியை ஏற்ற முடியும். ஊரிலேயே முழுக்க உள்ளே தள்ளி வாசிக்கிற வாத்தியத்துக்கு அங்கே போக வழியில்லை. யூபோனியத்துக்கு ஓர் அங்குலம், சூசபோனுக்கு இரண்டு அங்குலம் கைவசம் இருந்தால் நிம்மதி. குழாய் நீளம் கூடக்கூடத் தள்ள வேண்டிய அளவும் கூடும். ஸ்லைடு இறுகிப்போய் அசையாமல் நிற்கும் வாத்தியங்களை டிசம்பரிலேயே ரிப்பேருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஊரிலேயே இதை ஒத்திகை பார்க்கலாம். பள்ளியில் ஏசி உள்ள அறை ஒன்று இருக்கும், பெரும்பாலும் கம்ப்யூட்டர் லேப். 18 டிகிரி வைத்து வாத்தியங்களை ஒரு மணி நேரம் உள்ளே விடுங்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, ட்யூனரை எதிரே வைத்து, சூடுபண்ணாமல் ஒரு நீள ஸ்வரம் ஊதச் சொல்லுங்கள். "என்ன மாஸ்டர், முள்ளு இடது பக்கமே நிக்குது?" என்று கேட்பார்கள். யார் யார் எவ்வளவு இறங்குகிறார்கள் என்று எழுதிவைத்தால் டெல்லியில் பாதி வேலை குறையும்.

ட்ரம்முக்கு வேறு கதை. பிளாஸ்டிக் தோல் பெரிதாக மாறாது. நிஜத் தோல் போட்ட ட்ரம் மூடுபனியில் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். டெல்லிக்கு மட்டுமாவது பிளாஸ்டிக் தோல் போட்டுக்கொள்ளலாம். மரக் கிளாரினெட்டைக் குளிரில் எடுத்தவுடன் ஊதினால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. முதலில் கக்கத்தில் வைத்துச் சூடாக்கட்டும். ஃபைபர் கிளாரினெட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

படி 6: யூனிஃபார்ம்

உள்ளே தெர்மல் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். சென்னை வெக்கையில் உடம்போடு ஒட்டித் தைத்த கோட்டுக்குள் தெர்மல் ஏறினால் பட்டன் மூடாது. மூடினாலும் விலா விரியாது, மூச்சு பாதியில் நிற்கும். வெள்ளைக் கையுறை எல்லோருக்கும் இரண்டு ஜோடி. கிளாரினெட், சாக்ஸபோன் பிள்ளைகளின் கையுறையில் விரல் நுனியை வெட்டிவிட வேண்டும், அதைப் போட்டே ஊரில் பழகியிருக்கவும் வேண்டும். தொப்பி இறகுகளை அட்டைக் குழாயில் செருகிக் கொண்டுபோனால் நசுங்காது. இஸ்திரிப் பெட்டி ஒன்று, ஊசி நூல், ஒரே அளவுக் கருப்பு சாக்ஸ் உபரி. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, டீச்சர்கள் நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

படி 7: ரயிலில் உதட்டைக் காப்பது

பிராஸ் வாசிப்பவருக்கு இரண்டு நாள் இடைவெளி போதும், உதடு விட்டுப்போக. பெட்டியில் ட்ரம்பெட் ஊத முடியாது, டி.டி.இ. வருவதற்கு முன்பு பக்கத்து சீட்டுக்காரரே வந்துவிடுவார். மவுத்பீஸ் மட்டும் போதும். பகலில் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம், கதவோரம் போகாமல் சீட்டிலேயே உட்கார்ந்து மவுத்பீஸில் உதட்டை அதிரவிட்டு ஸ்வரம் பிடிக்கட்டும். ரயில் சத்தத்தில் அது யாருக்கும் பெரிதாகக் கேட்காது. மற்ற நேரம் விரலை மட்டும் அசைத்துப் பார்ட்டைப் பாடலாம். ட்ரம் பிள்ளைகளுக்குத் தலையணை இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குப் பிறகு எதுவும் வேண்டாம், தூங்கட்டும்.

சாப்பாடு: முதல் வேளைக்குப் புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வீட்டிலிருந்து. அதற்குப் பிறகு விஜயவாடா, நாக்பூர், போபால் மாதிரி பெரிய ஸ்டேஷன்களில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவதுதான் சரி. பிளாட்பாரத்தில் இறங்கி வாங்கப் பிள்ளைகளை விடாதீர்கள். குளிர் ஆரம்பித்ததும் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் உதடு வெடிக்கிறது. ராத்திரி படுக்கும்போது வாஸ்லின் அல்லது நெய் தடவலாம். வாசிக்கும் முன்பு துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மவுத்பீஸ் வழுக்கும்.

படி 8: டெல்லியில் இறங்கியதும்

குடியரசு தினத்துக்கு முந்தைய வாரம் டெல்லி பாதி பூட்டியிருக்கும். அணிவகுப்பு ஒத்திகைக்காகக் கர்தவ்ய பாதையைச் சுற்றிய சாலைகளை அடைப்பார்கள். அரங்கம் இந்தியா கேட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. காலையில் பத்து நிமிட தூரம் மதியம் ஒரு மணி நேரமாகலாம். டெல்லி போக்குவரத்துக் காவல்துறை தினமும் வெளியிடும் அறிவிப்பை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வாத்தியங்களோடு மெட்ரோ வேண்டாம். ட்ரம் மேஜரின் மேஸை (அணியின் முன்னால் நடப்பவர் பிடிக்கும் தடி) ஸ்கேனரில் பார்த்துவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நாலு ரயில் போய்விடும். பஸ்ஸை ஊரிலிருந்தே பேசிவிடுங்கள். வாத்தியப் பட்டியல், பள்ளி லெட்டர்ஹெட்டில் கடிதம், பிள்ளைகளின் அடையாள அட்டை மூன்றும் கையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனை சீக்கிரம் முடியும்.

ஒத்திகைக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். தங்குமிடத்தில் காலை ஆறு மணிக்குப் பேஸ் ட்ரம் அடித்தால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நகரில் ஏழு பள்ளிகள் நடத்துகிறது, ஆர்.கே.புரத்தில் டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தலைமையாசிரியர் பெயரில் ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதி, மைதானம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் போனால் மலை மந்திர் முருகன் கோவிலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம்.

முதல் நாள் ஒத்திகை அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நீள ஸ்வரங்கள், சுருதி, ஒரு தடவை பாட்டு, அவ்வளவுதான். இரண்டாம் நாள் முழு யூனிஃபார்மில், போட்டி நடக்கும் அதே நேரத்தில், திறந்த வெளியில் ஒரு முழு ஓட்டம். குளிரில் ட்ரம் பிள்ளைகள் தங்களை அறியாமல் வேகம் எடுப்பார்கள். நிமிடத்துக்கு 120 காலடி என்றிருக்கும் குயிக் மார்ச் 128-க்குப் போய்விடும். மெட்ரோனோம் வைத்துப் பிடித்து நிறுத்துங்கள்.

படி 9: போட்டி நாள்

மைதானத்தில் இறங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். காலை உணவு இரண்டரை மணி நேரம் முன்பு, இட்லி கிடைக்காவிட்டால் பிரெட், வாழைப்பழம். எண்ணெயில் பொரித்த பூரி வேண்டாம். சூடேற்றும் வாசிப்பு நாற்பது நிமிடம் முன்பு. அதற்குப் பிறகு வரிசையில் காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து. ஏற்றிய சூடு பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

காத்திருக்கும்போது மவுத்பீஸ் கால்சட்டைப் பைக்குள் அல்லது கையுறைக்குள் இருக்கட்டும். ட்ரம்பெட்டை மார்போடு அணைத்துக்கொள்ளட்டும். பெரிய வாத்தியங்களுக்குக் கம்பளி போர்த்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, ஸ்வரம் எழுப்பாமல், வெறும் சூட்டு மூச்சை மெதுவாகக் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். மூச்சின் ஈரம் குளிர்ந்து குழாயில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீராகச் சேரும், அதனால் உள்ளே போகும் முன்பு எல்லோரும் வாட்டர் கீயை (தண்ணீர் வடியும் மூடி) திறந்து கொட்டிவிட வேண்டும். கடைசிச் சுருதியை மைதான வாசலில், சூசபோனிலிருந்து ஆரம்பித்துச் சேருங்கள். சூடாக அதற்குத்தான் நேரம் பிடிக்கும், மற்றவர்கள் அதற்கு இறங்கி வரலாம்.

இந்த நேரத்தில் "பள்ளி மானம் உங்க கையிலதான் இருக்கு" என்று பேச யாராவது முன்வந்தால் அவரை மெதுவாக டீ குடிக்க அழைத்துப் போய்விடுங்கள்.

படி 10: முடிந்த பிறகு

பரிசளிப்பு இழுத்துக்கொண்டே போகலாம். அன்று ராத்திரிக்கே திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். நாள் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது ஒன்று உண்டு. ஜனவரி 29 சாயங்காலம் விஜய் சௌக்கில் முப்படைகளின் பேண்டுகளும் சேர்ந்து வாசிக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. அன்றைக்கு இடம் கிடைக்காவிட்டால் முந்தைய நாட்களின் முழு ஒத்திகைக்கு டிக்கெட் முயலலாம். மாஸ்டருக்கு ஆசை வேறு இருக்கும். டெல்லியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் மீரட். அங்கே ஜாலி கோட்டி பகுதியில் தெரு முழுக்கப் பேண்டு வாத்தியப் பட்டறைகள், 1885-ல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனியும் அந்த ஊர்தான். உபரிப் பாகங்கள் வாங்க ஓர் ஆசிரியரும் மாஸ்டரும் மட்டும் காலையில் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடலாம். மொத்தக் குழுவோடு போகிற இடமில்லை.

ஊர் திரும்பிய வாரத்திலேயே எல்லா பிராஸ் வாத்தியத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, காயவைத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டுப் பெட்டியில் வையுங்கள். டெல்லி ஈரத்தோடு பூட்டி வைத்தால் ஜூனில் திறக்கும்போது பச்சை பிடித்திருக்கும். ட்யூனிங் ஸ்லைடுகளை மறுபடி பழைய அளவுக்கு வெளியே இழுக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை பிரேயரிலேயே பேண்டு சுருதி ஏறி நிற்கும். பிரேக் வேன் ரசீது, பஸ் பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.